ஒன்றிலிருந்து பத்துவரை

"போன இரண்டு கிழமையும் நித்திரை எப்படி?"
என்று கேட்கிறாய், நிலுக்சி பிள்ளை.
மடியில் பலகை, பலகையில் படிவம்.
ஒன்றென்றால் மோசம், பத்தென்றால் நல்லம்.

எனக்குப் பத்துப் போடு.
வெட்கமில்லாமல் சொல்கிறேன், பத்து.
அறுபது போகம் குனிந்த முதுகு
இப்போதுதான் பாயில் நேராகக் கிடக்கிறது.
காலில் அட்டை இல்லை.
மார்கழி இருட்டில் யானை வெடியும்
நனையாத நெருப்புப்பெட்டியுமாக
பரணுக்குக் கீழே நின்ற பயம் இல்லை.
லீசிங்காரன் படலையில் வந்து
ஊர் கேட்க என் பெயரைக் கூப்பிடுவதில்லை.
தம்பலகாமத்தில் எத்தனை பெண்டுகளுக்கு
இது கிடைத்திருக்கிறது, சொல்.

இவருக்கு எத்தனை என்று இவரைக் கேட்காதே.
ஏழு என்பார்.
படித்த பிள்ளைக்கு முன்னால் குறைத்துச் சொல்லமாட்டார்.
நான் சொல்கிறேன். எழுது, இல்லாட்டி விடு.

இரண்டு மணிக்கு எழும்புவார்.
கந்தளாய்த் தண்ணி எங்கள் வாய்க்காலுக்கு
முறை வருகிற நேரம் அது.
மூன்று ஏக்கரும் எழுதிக் கொடுத்து
ஒரு வருசமும் நாலு மாதமும்.
முறை மட்டும் உடம்புக்குள் கிடக்கிறது,
சலம் முட்டினது போல.
கடப்படியில் நின்று காது கொடுப்பார்.
நாய் உறுமினால் "சும்மா கிட" என்பார்.
பிறகு மண்வெட்டியை எடுப்பார்.

ஒருநாள் நானும் பின்னால் போனேன், ரோச் இல்லாமல்.
எங்கள் காணிக்கு அவர் போகவில்லை.
அங்கே கம்பி வேலி, இரண்டு லோட் கிறவல்,
தகரப் பலகையில் ஒரு கொழும்பு நம்பர்.
இன்னும் ஒன்றும் கட்டவில்லை.
பக்கத்து முகைதீன்பாவாவின் வயலில்
உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தார்,
களவெடுக்கிறவன் மாதிரி, சத்தம் போடாமல்.
வட்டவிதானைதான் ஆள் விட்டுக் கட்டினதென்று
விடிய முகைதீன்பாவா போய்
வட்டவிதானைக்கு நன்றி சொன்னாராம்.
வட்டவிதானையும் வாங்கிக்கொண்டாராம்.
அதைக் கேட்டு இவர் சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்கு எத்தனை போடுவாய்?

சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடா? இல்லை.
கடையில் அரிசி இருக்கிறது,
இரண்டு கிலோ, இரண்டு கிலோவாக.
முதல் நாள் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தேன்,
சாராயப் போத்தல் கொண்டுவருகிறவள் போல.
இவர் ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைக் கடித்து,
"பொலநறுவைச் சம்பா. காயமுதல் குத்தியிருக்கிறான்" என்றார்.
அதுக்குப் பிறகு சோற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.
உப்புக் கூடினாலும் இல்லை.
முந்தி உப்புக் கூடினால் கோப்பை முற்றத்துக்குப் பறக்கும்.
நிம்மதி என்றுதான் நினைத்தேன்,
முதல் ஒரு மாதம்.

கிளினிக்கில் பிறசர் என்கிறார்கள்.
குளிசையை விழுங்குகிறார், கசப்பென்றும் சொல்வதில்லை.
கமக்காரர் கூட்டத்துக்குத் துண்டு வருவது நின்றுவிட்டது.
அந்தத் திகதியில் சேர்ட்டைத் தோய்த்துக் காயப்போடுவார்.
பின்னேரம் மடித்து உள்ளே வைப்பார்.

தொழில் என்ற கோட்டில் பேனையை வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்க்கிறாய்.
அந்தா வருகிறார், சைக்கிளை உருட்டிக்கொண்டு.
முழங்கால்வரை சேறு.
எங்கே போனதென்று நான் கேட்பதில்லை, நீயும் கேட்காதே.
அந்தக் கோட்டை மட்டும் அவரிடமே கேள்.
பதில் வர நேரமெடுக்கும்,
தேத்தண்ணி வைக்கிறேன், இரு.

ஒன்று, பிள்ளை.
எனக்குப் பத்துப் போட்டாய்தானே?
ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்கு
அவர் எழும்புவது எனக்கு எப்படித் தெரியுமென்று
நீ கேட்கவே இல்லை.